தொட அஞ்சாத மருத்துவர்

மழைக்காலம் பிறந்தால் எங்கள் ஒக்கலிபுரத்தில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும். பெங்களூர் ரயில் நிலையத்தின் அருகே தமிழர் நெருங்கி வாழும் பகுதி அது. ஓர் அறையில் ஐவர் படுக்கும் வீட்டில் ஒருவருக்கு ஃபுளூ காய்ச்சல் கண்டால் மற்றவர் தப்புவது அரிது. கூலிக்குச் செல்பவர் மூன்று நாள் படுத்தால் அடுப்பும் மூன்று நாள் படுத்துவிடும். சென்ற ஆண்டு நான் அவ்வாறு கிடந்த வேளையில்தான் டாக்டர் பல்புவின் வரலாற்றைப் படித்தேன்.

பத்மநாபன் பல்பு 1863ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் பயிலத் திருவிதாங்கூரில் தேர்வெழுதித் தேறினார். சாதி குறுக்கே நின்றது. சென்னை மருத்துவக் கல்லூரி அவருக்கு இடமளித்தது. பட்டம் பெற்ற பின்னும் சொந்த ஊர் அவருக்கு வேலை தர மறுத்தது. பிறந்த மண் வேண்டாமென்றவரை மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது.

பெங்களூரில் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் பணி அவரிடம் வந்தது. 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் ரயில் வழியே நகருக்குள் புகுந்தது. மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். பல்பு பிளேக் முகாமில் நின்று பணிபுரிந்தார். தீட்டென்று விலக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், எவரும் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் பார்த்தார்!

தம் மக்களையும் அவர் மறக்கவில்லை. 1896இல் ஈழவர்க்குக் கல்வியும் அரசுப் பணியும் வேண்டி 13,176 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னருக்கு அளித்தார். 1903இல் நாராயண குருவின் தலைமையில் தோன்றிய தர்ம பரிபாலன யோகத்துக்கு முதுகெலும்பாக நின்றார். 1950 ஜனவரியில் மறைந்தார்.

அவர் எதிர்த்துப் பணியாற்றிய அம்மை 1980இல் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஃபுளூ அப்படி ஒழியாது. அதன் வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியுள்ளது. 1918இல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோயிற்று. இன்றும் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதனால் மாள்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முதியோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அபாயம் மிகுதி. நம் பக்கத்தில் மழையோடு அது பெருகுவதால், மழைக்கு முன்பே ஊசி போடுவது நலம்.

பிளேக்குக்குப் பின் நெருக்கடியைக் குறைக்க மல்லேசுவரம், பசவனகுடி போன்ற விசாலமான பகுதிகள் எழுந்தன. அந்த விசாலம் பக்கத்திலுள்ள எங்கள் சந்துகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மருத்துவம் பயிலும் நண்பர்களே! அடுத்த மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒக்கலிபுரத்துக்கு வாருங்கள். ஊசி எங்கே கிடைக்கும், யார் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பாட்டிமாரிடம் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். வழிகாட்ட நான் வருகிறேன்.