கதை சொன்ன முன்சீப்



பத்தாம் வகுப்புக்கு வந்தது முதல் எனக்கு எதிலும் சலிப்பு. காலையில் டியூஷன், பகலில் பள்ளி, இரவில் மீண்டும் பாடம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோது, படிப்பே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதேன்.

கார்த்திகைத் தீப விடுமுறை வந்தது. திருவண்ணாமலை எங்கும் மக்கள் வெள்ளம். வெளியே போக வழியின்றி வீட்டில் இருந்தபோது, ஏழாம் வகுப்பில் சிரித்துச் சிரித்துப் படித்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கண்ணில் பட்டது. மீண்டும் படித்தேன். இம்முறை அதை எழுதியவரையும் அறிய ஆவல் பிறந்தது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளி அருகே குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள். தமிழும் ஆங்கிலமும் கற்று, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் மாயூரத்தில் நெடுங்காலம் பணியாற்றியதால் அவ்வூர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நாள் முழுவதும் வழக்கும் வாதமும் கேட்டவர் அவர். ஆயினும் சலித்துப் போகவில்லை. ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கினார். ‘நீதி நூல்’ இயற்றினார். பெண்கள் கல்வி கற்பதைப் பலர் விரும்பாத அக்காலத்தில், ‘பெண்மதி மாலை’ எழுதிப் பெண் கல்விக்காக வாதாடினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களையும் தந்தார்.

பணியிலிருந்து விலகிய பின்னும் அவர் ஓயவில்லை. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைப் புகழ்ந்து பாடினார். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. 1889 ஜூலை 21 அன்று அவர் மறைந்தார்.

அவர் படைத்த பிரதாபனும் முதலில் படிப்பென்றால் ஓடியவன்தான். அவன் செய்த தவறுகளுக்கு ஆசிரியரின் மகன் கனகசபை அடி வாங்குவான். முன்பு அதைப் படித்துச் சிரித்தேன், இப்போது வெட்கப்பட்டேன். என் சலிப்புக்காக வீட்டில் அம்மாவல்லவா வருந்துகிறார்! ஞானாம்பாளோ கல்வியும் துணிவும் மிக்கவள். ஆண் வேடமிட்டு, அரசனாகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, நாட்டைச் செம்மையாக ஆள்கிறாள்.

அந்தப் பகுதியைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாட்டி ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். கேட்டுச் சிரித்தவர், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நாளைக்கும் படிப்பாயா என்று கேட்டார். எனக்குச் சுமையாகத் தோன்றிய படிப்பு பாட்டிக்குக் கிட்டாத செல்வம் என்பது அப்போதுதான் புரிந்தது.

விடுமுறை முடிந்தது. அதே மணி, அதே வகுப்பு, அதே கணக்குப் புத்தகம். ஆனால் இப்போது பள்ளிக்கு மகிழ்ச்சியோடு புறப்படுகிறேன். மாலையில் பாட்டிக்கு ஓர் அத்தியாயம் படித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறேன். தோழியரே, நீங்களும் அந்நூலை ஒருமுறை படியுங்கள். சில ஆண்டுகள் கழித்து மறுமுறையும் படியுங்கள்!