பில் வில்சன்

பில் வில்சன் (நவம்பர் 26, 1895 - ஜனவரி 24, 1971) குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை நிறுவிய இருவருள் ஒருவர் ஆவார். இவரது முழுப்பெயர் வில்லியம் கிரிஃபித் வில்சன்.

வாழ்க்கை

இவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் படையில் இருந்தபோது குடிக்கத் தொடங்கினார். பின்னர் நியூயார்க் பங்குச்சந்தைத் தொழிலில் ஈடுபட்டார். குடியால் அத்தொழிலை இழந்தார். டவுன்ஸ் மருத்துவமனையில் பலமுறை சேர்க்கப்பட்டார். குடிப்பழக்கம் மனவுறுதிக் குறைவு அன்று, அது ஒரு நோய் என்று அங்கு மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் இவருக்கு விளக்கினார். 1934 டிசம்பரில் குடியைக் கைவிட்டார்.

அமைப்பின் தோற்றம்

1935 மே மாதம் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் இவரது தொழில் முயற்சி தோல்வியுற்றது. மீண்டும் குடிக்கும் வேட்கை எழவே, அதனைத் தவிர்க்க மற்றொரு குடிநோயாளியைத் தேடிச் சென்று பேசினார். அவரே அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். ஸ்மித் குடியை நிறுத்திய ஜூன் 10, 1935 அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. அமைப்பின் 12 படிகளை வில்சன் எழுதினார். அவை 1939 இல் நூலாக வெளிவந்தன. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பை 1951 இல் நிறுவியவர்களுள் இவரது மனைவி லோயிசும் ஒருவர்.

பிற்காலம்

குடியை விட்ட பின்னரும் வில்சன் பல ஆண்டுகள் மனச்சோர்வு நோயால் துன்புற்றார். அதற்காக மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். புகைப்பழக்கத்தை நெடுங்காலம் விட இயலவில்லை. அதனால் நுரையீரல் பாதிக்கப்பட்டு மயாமியில் காலமானார். இறக்கும்வரை 36 ஆண்டுகள் இவர் மதுவைத் தொடவில்லை.