கோசாம்பியின் கணக்கு

தாமோதர தர்மானந்த கோசாம்பியைச் சரித்திராசிரியர் என்று நம்மவரில் பலர் அறிவர். மின்சாரச் செலவைப் பற்றி அவர் தொடுத்த வாதத்தை அறிந்தவர் சிலரே. திருச்சிராப்பள்ளி ஜனங்களுக்கு அவ்வாதம் அந்நியமானதன்று. புத்தூரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் அனல் நிலையங்களுக்குக் கொதிகலன்களையும், அணு நிலையங்களுக்கு நீராவிக் கலங்களையும் செய்து அனுப்புகிறது. தேசம் எதைக் கொண்டு மின்சாரம் எடுக்கப் போகிறது என்பது இவ்வூரில் அநேகக் குடும்பங்களின் சோற்றுப் பிரச்னையாகும்.

கோசாம்பி 1907-இல் கோவாவில் பிறந்தார். தந்தையார் தர்மானந்தர் பாலி மொழியில் பெரும் பண்டிதர். அவருடன் 1918-இல் அமெரிக்கா சென்ற சிறுவர், 1929-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். காசியிலும் அலிகாரிலும் பூனா பெர்குஸன் கல்லூரியிலும் கணிதம் போதித்தார். பழைய வெள்ளி நாணயங்களை ஆயிரக்கணக்கில் நிறுத்து, கைமாறிக் கைமாறித் தேய்ந்த எடையைக் கொண்டே அவற்றின் காலவரிசையைக் கணித்தார். பர்த்ருஹரியின் சுலோகங்களைப் பரிசோதித்துப் பதிப்பித்தார். 1956-இல் வெளிவந்த அவருடைய இந்திய சரித்திர நூல், அரசர் பெயர்களை விட்டுக் குடியானவரின் கலப்பையிலிருந்து சரித்திரத்தைத் தொடங்கியது.

டாக்டர் ஹோமி பாபா 1945-இல் நிறுவிய பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் கோசாம்பி கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். பூனாவிலேயே குடியிருந்து தினந்தோறும் ரயிலில் போய் வந்தார். 1948-இல் அணுசக்திக் கமிஷன் ஏற்பட்டது. பாபா அதன் தலைவரானார். நிலக்கரி வங்காளத்திலும் பீஹாரிலும் கிடக்க, பம்பாய்க்கும் சென்னைக்கும் அதை ஏற்றி வரும் ரயில் கூலியே பெருஞ்செலவாயிற்று. ஆகவே சுரங்கத்திற்குத் தொலைவான மாகாணங்களில் அணு மின்சாரமே மலிவாகும் என்பது பாபாவின் கணக்கு. 1987-க்குள் இருபதினாயிரம் மெகாவாட்டுக்கு மேல் கிடைக்கும் என்றும் அவர் எதிர்பார்த்தார்.

அந்த நிலையத்தில் இருந்துகொண்டே கோசாம்பி இதை மறுத்தார். வருஷத்தில் பெரும்பகுதி வெயில் காயும் ஏழை தேசம், அபாயமும் செலவும் மிகுந்த அணுவை விட்டுச் சூரியனை நாட வேண்டும் என்று 1957 முதல் எழுதியும் பேசியும் வந்தார். 1962-இல் நிலையத்தினின்றும் விலக்கப்பட்டார். அணு விஷயமான பேதம் ஒன்றே அதற்குக் காரணமென்று சொல்லுதல் நியாயமாகாது. ரீமான் அநுமானத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நிரூபணத்தைச் சக கணிதர்கள் ஏற்கவில்லை என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும். 1966 ஜனவரியில் பாபா மான்ட் பிளாங்க் மலையில் விமான விபத்தில் மாண்டார். அதே வருஷம் ஜூன் மாதம் கோசாம்பியும் பூனாவில் மறைந்தார். தர்க்கம் செய்த இருவரும் போயினர், தர்க்கம் நின்றது.

அதைக் காலம் எவ்விதம் தீர்த்தது? கோசாம்பி பேசிய நாளில் அவர் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சூரிய மின்கலம் அன்று ஆகாயக் கப்பலுக்கே கட்டுபடியாகும் விலையில் இருந்தது. டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் செய்தளித்த சூரிய அடுப்பையும் ஜனங்கள் வாங்கவில்லை. ஆனால் பாபாவின் கணக்கும் பலிக்கவில்லை. அவர் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட 1987-இல் கைகூடவில்லை. கூடங்குளத்தின் முதலிரு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் என மதிப்பிட்டது 22,462 கோடியாக ஏறிற்று. கல்பாக்கத்து வேக ஈனுலையை 2004-இல் கட்டத் தொடங்கினார்கள். உலைக்கருவை நிரப்பும் வேலையே 2024-இல் தான் ஆரம்பமாயிற்று. உலைக்கு எரிபொருளின் விலை சொற்பம், கட்டுமானமே பெருஞ்செலவு. தாமதமாகும் ஒவ்வொரு வருஷமும் வட்டியாக வளர்ந்து யூனிட் விலையில் ஏறுகிறது.

சூரியனின் வரலாறு நேர் மாறானது. 2015-இல் கமுதி நிலையத்தின் மின்சாரத்திற்கு யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் 1 காசு தர நமது மாகாணம் ஒப்பந்தம் செய்தது. கூடங்குள மின்சாரம் நான்கு ரூபாயை ஒட்டியே விற்றது. அன்றைய நிலையில் அணுவே மலிவு. இரண்டே வருஷத்தில், 2017 மே மாதம், ராஜஸ்தானத்துப் பட்லா ஏலத்தில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத்தில் இரண்டு ரூபாய்க்கும் கீழே போயிற்று.

இவ்விலைகளை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறிவிடுதல் கூடாது. நன்கு ஓடும் அணு உலை இரவு பகலாகத் தன் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கைத் தரும். சூரியத் தகடு தருவது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியதே. அதுவும் பகலில் மாத்திரம். முப்பந்தல் காற்றோ மேமுதல் செப்டம்பர் வரை வீசிப் பின் தளர்ந்துவிடும். ஆகவே இரவுக்குச் சேமிக்கும் மின்கலத்தின் விலையைச் சூரியன் பற்றிலும், பழைய உலையைக் கலைக்கும் செலவையும் கழிவைக் காக்கும் செலவையும் அணுவின் பற்றிலும் எழுதிப் பார்க்க வேண்டும். அப்படி எழுதப்பட்ட முழுக் கணக்கைத்தான் ஜனங்கள் கேட்க வேண்டும்.

கேட்பது திருச்சிராப்பள்ளிக்கு எளிதன்று. கொதிகலனால் வாழும் ஊர் இது. அதற்காகக் கணக்கைத் திரித்துக் கொள்வது தொழிலாளருக்கு உதவாது. முன்கூட்டியே கணக்கை அறிந்தால், காற்றாடித் தூணுக்கும் மின்சேமிப்புச் சாதனத்திற்கும் அதே பற்றவைப்புக் கைகளைப் பழக்கிக் கொள்ள அவகாசம் கிடைக்கும். அறியாமலிருந்தால் வேலை வராத நாளன்றுதான் விஷயம் தெரியும். தம் உத்தியோகத்திற்கு இடையூறாகலாம் என்று தெரிந்தும் கோசாம்பி தம் கணக்கை உரக்கச் சொன்னார். சர்க்கார் தன் கணக்கை ஒளிவின்றி வெளியிடுவதே அவருக்குச் செய்யத்தக்க மரியாதை என்பது நமது அபிப்பிராயம்.