ஊமத்தம் பூவை வரைந்த அம்மையார்

ஊமத்தம் பூவை யாராவது ஆசையோடு பார்ப்பார்களா? சிவபூஜைக்குப் பறிப்போம். மற்றபடி, விஷச் செடி என்று குழந்தைகளை விலக்குவோம்.

அந்த இனத்துப் பூ ஒன்றை அமெரிக்கப் பெண்மணி ஒருவர் 1932-ல் 4 அடி உயரத்துக்கு வரைந்தார். 2014-ல் அந்தப் படம் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று! பெண் வரைந்த படம் எதுவும் அதுவரை அவ்வளவு விலைக்கு ஏலம் போனதில்லை.

அவர்தான் ஜார்ஜியா ஓகீப். 1887-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவர் கணவர் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் பேர்பெற்ற புகைப்படக் கலைஞர். மனைவியின் சித்திரங்களை ஊரறியச் செய்தவரும் அவரே.

1929-ல் ஓகீப் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போனார். வறண்ட பாலை நிலம். பார்த்ததுமே மனம் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு பெரும்பாலான கோடைக் காலங்களில் அங்கேதான். கணவரோ ஒரு தடவைகூட வரவில்லை!

பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைக்கிறோம். அங்கே குன்றுகள் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அடுக்கடுக்காக நிற்கின்றன. சாம்பல் பூத்த பச்சைப் புதர்கள் எங்கும் உண்டு. வீட்டோரத்தில் ஊமத்தை. அந்தி சாய்ந்தால் வெள்ளையாக விரியும். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். காய்ந்த மாட்டெலும்புகளைக்கூட அவர் விடவில்லை. ஒரு பீப்பாய் நிறைய நியூயார்க்குக்கு அனுப்பினார்!

சுடும் வெயிலில் எப்படி வரைவது? தம் போர்டு காரில் முன் இருக்கையைத் திருப்பிப் போட்டார். பின் இருக்கையில் படத்தைச் சாய்த்து வைத்தார். காரே சித்திரக்கூடம் ஆயிற்று.

1940-ல் ‘பேய்ப் பண்ணை’ என்று பெயர் கொண்ட இடத்தில் ஒரு வீடு வாங்கினார். அங்கே காய்கறி பயிரிடத் தண்ணீர் இல்லை. ஆகவே 1945-ல் அபிகியூ கிராமத்தில் இடிந்து கிடந்த மண் வீடு ஒன்றையும் வாங்கினார். அதன் முற்றத்துச் சுவரில் இருந்த ஒரு கதவின்மேல் அவருக்குத் தனி ஆசை. அதை மட்டும் 20 தடவைக்கு மேல் வரைந்தார். கதவு ஒன்றுதான்; வெளிச்சம் வேறு, நிறம் வேறு.

1946-ல் கணவர் காலமானார். 1949-ல் ஓகீப் பாலைவனத்துக்கே குடிபெயர்ந்தார்.

நிறமே உயிர் என்றிருந்தவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! 80 வயதைத் தாண்டியபின் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டுமே கொஞ்சம் தெரிந்தது. 1972-க்குப் பிறகு துணையின்றி எண்ணெய் வண்ணச் சித்திரம் தீட்ட முடியவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. களிமண்ணை எடுத்தார், விரலால் தடவித் தடவிப் பானை செய்தார். பிறர் உதவியுடன் படமும் வரைந்தார்.

1986-ல் தமது 98-வது வயதில் மறைந்தார். பேய்ப் பண்ணை வீட்டிலிருந்து பார்த்தால் பெடர்னல் என்ற தட்டை உச்சி மலை நீலமாகத் தெரியும். எத்தனையோ தடவை அவர் வரைந்த மலை. அதன் உச்சியில்தான் அவருடைய அஸ்தியைத் தூவினார்கள்.