காவேரியின் வேகத்தைத் தங்கவயலுக்கு அனுப்பிய திவான்

தங்கவயலிலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வருகிறவர்கள், வந்த வேலை முடிந்ததும் கப்பன் பூங்காவில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போவது வழக்கம். அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு பழைய நூல் நிலையக் கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக ஒரு சிலை நிற்கிறது. 1913-ல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு திறந்து வைத்த சிலை அது. அதன் நிழலில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்த மனிதர் வீட்டில் தமிழ் பேசியவர் என்பதும், தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததே அவரால்தான் என்பதும் தெரிந்திருக்கும்?

அவர்தான் சர் கே. சேஷாத்ரி ஐயர். மைசூர் சமஸ்தானத்தில் பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்தவர். அந்த நாற்காலியில் அவ்வளவு நீண்ட காலம் உட்கார்ந்தவர்கள் அபூர்வம்.

1845-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். பாலக்காடு அப்போது சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. தந்தை அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீல். மகன் கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து 1868-ல் பி.ஏ. தேறினார். முதல் உத்தியோகம் கோழிக்கோடு கலெக்டர் ஆபீசில் மொழிபெயர்ப்பாளர் வேலை. இன்றைய கணக்கில் சொன்னால் ஒரு குமாஸ்தா உத்தியோகம்தான்.

அதே கோழிக்கோட்டில் அதிகாரியாக இருந்த ரங்காசார்லு, மைசூருக்கு மாற்றலாகிப் போனார். போனவர், கெட்டிக்காரரான இந்த இளைஞரை மறக்கவில்லை. அதே 1868-ல் அஷ்டகிராமம் டிவிஷனில் ஜுடீஷியல் சிரஸ்தாராக வரவழைத்துக்கொண்டார். பிழைப்புக்காக மலையைத் தாண்டி வந்த இருபத்து மூன்று வயது வாலிபர், வேலை பார்த்துக்கொண்டே 1874-ல் பி.எல். தேறினார். படிப்படியாக உயர்ந்து ஜில்லா அதிகாரியும் ஆனார். 1881-ல் ஆங்கிலேயர் ராஜ்யத்தை மீண்டும் மகாராஜா சாமராஜேந்திர உடையாரிடம் ஒப்படைத்தபோது ரங்காசார்லு திவானானார். 1883 ஜனவரியில் அவர் காலமானார். அடுத்த திவான் சேஷாத்ரி ஐயர். அப்போது வயது முப்பத்தெட்டுகூட நிரம்பவில்லை.

அவர் ஏற்றுக்கொண்ட ராஜ்யம் செழிப்பானது அல்ல. 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சத்தில் ஜனங்களும் போய், கஜானாவும் காலியாகி, கடனும் சேர்ந்திருந்தது. இந்த நிலையில்தான் கோலார் மண்ணில் புதையல் கிடைத்தது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ல் தங்கவயலுக்கு வந்தவர்கள். சில ஆண்டு தடுமாற்றத்துக்குப் பிறகு சாம்பியன் ரீஃப் என்ற தங்க ரேகையைப் பிடித்தார்கள். எடுத்த தங்கத்தில் ஒரு பங்கு சமஸ்தானத்துக்கு ராயல்டி. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழர்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, வயலுக்கு ரயில் கிளையும் வந்துவிட்டது. அதே ஆண்டில் திவான் மண்ணியல் இலாகா ஒன்றையும் ஏற்படுத்தினார்.

எரிப்பதற்கு என்ன வழி?

சுரங்கம் ஆழமாக ஆழமாகச் செலவு ஏறும். கல்லை இடிக்கும் மில் ஓட வேண்டும். தண்ணீரை இறைக்க வேண்டும். கூண்டை இழுக்க வேண்டும். எல்லாம் நீராவியில். கொதிகலனுக்கு விறகு வேண்டும். சுற்றுவட்டாரக் காடு எத்தனை நாள் தாங்கும்? நிலக்கரி வேண்டுமென்றால் வெகு தூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும்.

காவேரியோ சிவசமுத்திரத்தில் சும்மா விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையைத் திட்டமாக்கியவர் சமஸ்தானத்தின் துணைத் தலைமை இஞ்சினீயர் ஜோலி டி லோட்பினியர். கனடா தேசத்தில் கியூபெக்கில் பிறந்தவர், ராணுவ இஞ்சினீயர். அவர் பிறந்த கண்டத்தில்தான் 1895-ல் நயாகராவில் பெரிய மின்நிலையம் ஓடத் தொடங்கி, மறு ஆண்டே பஃபலோ நகரத்துக்குக் கரண்ட் போயிருந்தது. ஆனால் நயாகராவுக்கும் பஃபலோவுக்கும் இடையே இருபது மைல் சொச்சம்தான். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கோ 92 மைல்! அவ்வளவு தூரம் கம்பியில் அனுப்பிப் பார்த்த ஊர்கள் அன்று உலகத்திலேயே சிலதான்.

இங்கே ஒரு சிறு திருத்தம். சிவசமுத்திரம்தான் ஆசியாவிலேயே முதல் நீர்மின் நிலையம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஜப்பானில் கியோட்டோ நகரில் 1891-லேயே ஓடியது. நம் நாட்டிலும் டார்ஜிலிங்கில் 1897-ல் ஒரு சிறு நிலையம் வந்துவிட்டது. பெரிய அளவில், நெடுந்தூரத்துக்கு, ஒரு தொழிலை நம்பி நடந்த முதல் முயற்சி என்று சொன்னால் பொருந்தும். அந்தப் பெருமையே போதாதா?

திவானின் திறமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. 1894 டிசம்பரில் மகாராஜா கல்கத்தாவில் காலமாகிவிட்டார், இளவரசர் சிறுவர், மகாராணி வாணிவிலாச சன்னிதானம் ரீஜண்டாக ஆட்சி நடத்தினார். பிரிட்டிஷ் ரெசிடெண்டும் இந்திய சர்க்காரும் சம்மதிக்க வேண்டும். ஆற்றின் அக்கரையில் கொள்ளேகால் சென்னை ராஜதானியின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. மெஷினோ அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும். இவ்வளவு பேரையும் சரிக்கட்டியதோடு நிற்கவில்லை. மின்சாரம் உண்டாவதற்கு முன்பே அதை விற்றும்விட்டார். சுமார் நாலாயிரம் குதிரைச் சக்தியைச் சுரங்கக் கம்பெனிகள் பல ஆண்டுகளுக்கு விலைபேசி வாங்கிக்கொள்வது என்று ஒப்பந்தம். பஞ்சத்தில் அடிபட்ட ராஜ்யம், வாங்குகிறவன் யாரென்று தெரியாமல் கடைவிரிக்க முடியாதல்லவா! குமாஸ்தா வேலையில் கற்ற கணக்கு அது என்று எனக்குத் தோன்றுகிறது.

1899-ல் லோட்பினியரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார். நீர்ச்சக்கரம் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனி, ஜெனரேட்டர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் என்று முடிவாயிற்று. வந்திறங்கிய கனமான இயந்திரங்களை மத்தூர் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியிலும் யானைகளைக் கொண்டும் இழுத்துப் போனதாகச் சொல்வார்கள்.

ஆறு மெஷின், ஒரே நடை

ஒன்று பெரிதாக வாங்காமல் ஆறு ஜெனரேட்டர் வாங்கினார்கள். ஒவ்வொன்றும் 720 கிலோவாட். ஏறக்குறைய ஆயிரம் குதிரைச் சக்தி. காரணம் எளிது. ஒரே மெஷினாக இருந்து அது பழுதானால் தங்கவயல் மில் அத்தனையும் நிற்கும். ஆறாக இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது மற்றவை சுமை தாங்கும். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆறும் ஒரே கம்பியில் சேர்ந்து ஓட வேண்டும்.

இது ஆறு விளக்கை ஒரே ஒயரில் மாட்டுவது போல அல்ல. மாற்று மின்சாரம் ஏறி இறங்கி அலை போல வருவது. சிவசமுத்திரத்தில் அன்று வினாடிக்கு 25 அலை. ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து மெஷினும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஆறாவதை இணைப்பதென்றால் அதுவும் அதே நடைக்கு வந்திருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவனைப் பாருங்கள். நின்றபடி கம்பியைப் பிடித்தால் தோள் போய்விடும். பஸ்ஸோடு கூட ஓடி, வேகம் ஒன்றானபின் காலை வைத்தால் சுகமாக ஏறலாம்.

ஆபரேட்டர் முதலில் தண்ணீர்க் கதவை மெல்லத் திறந்து சக்கரத்தின் வேகத்தைக் கொண்டு வருவார். பிறகு காந்தச் சுருளுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டைச் சமமாக்குவார். வேகமும் சரி, வோல்ட்டும் சரி. இனி ஏற்றமும் இறக்கமும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய நாளில் கண்கண்ட கருவி சாதாரண விளக்குதான். ஓடும் கம்பிக்கும் புது மெஷினுக்கும் நடுவே விளக்குகளை மாட்டுவார்கள். இரண்டின் அலையும் எதிரும் புதிருமாக இருந்தால் விளக்கு பிரகாசிக்கும். ஒத்து வந்தால் அணையும். வேகத்தில் சிறு வித்தியாசம் இருக்கும்வரை விளக்கு எரிவதும் அணைவதுமாக மூச்சு விடும். அந்த மூச்சு நிதானமாகி, விளக்கு நன்றாக இருண்டிருக்கும் நேரத்தின் நடுவில் சுவிட்சைப் போட வேண்டும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. வித்தியாசம் முழுவதும் தீர்வதற்கு முன்பே விளக்கு அணைந்துபோகும். கொஞ்ச வோல்ட்டுக்கு இழை சிவக்காது. அவசரக்காரன் இருட்டின் தொடக்கத்திலேயே சுவிட்சைப் போட்டுவிடுவான். அதனால்தான் முள் சுற்றிக் காட்டும் தனிக்கருவி வந்தது. முள் மிக மெதுவாக, வேகமான பக்கம் நோக்கிச் சுற்றி, பன்னிரண்டு மணி நிலைக்கு வரும்போது இணைப்பார்கள். புது மெஷின் இம்மியளவு வேகமாக இருந்தால் வந்தவுடன் சுமையில் தோள் கொடுக்கும். மந்தமாக இருந்தாலோ மற்றவை அதைச் சேர்த்து இழுக்க வேண்டிவரும்.

தப்பான நொடியில் போட்டால்? எதிரும் புதிருமான நேரத்தில் இணைத்துவிட்டால், இரண்டு மெஷினின் வோல்ட்டும் சேர்ந்து ஒன்றையொன்று மோதும். தண்டவாளமே தாங்காத முறுக்கு அச்சில் விழும். சுருளின் கம்பி பிய்ந்து வரலாம், அச்சு ஒடியலாம். அங்கே சுவிட்சு தெறித்தால் 92 மைலுக்கு இப்பால் மில் நிற்கும். பிற்பாடு கூண்டு இழுக்கும் இயந்திரங்களும் மின்சாரத்துக்கு மாறியபோது, இதன் பொருள் ஷாப்டின் நடுவில் தொங்கும் மனிதர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

சேர்ந்துவிட்ட பிறகு நடப்பது வேடிக்கை. தனியாக ஓடும்போது தண்ணீரை அதிகம் விட்டால் வேகம் கூடும். கூட்டத்தில் சேர்ந்தபின் அதே தண்ணீரை விட்டால் அந்த ஒரு மெஷினின் வேகம் தனியாகக் கூடுவதில்லை. அது சுமக்கும் பங்குதான் கூடுகிறது. மற்றவை பிடித்துக்கொள்கின்றன. ஆறு காளையை ஒரே நுகத்தில் பூட்டினாற்போல.

மெஷினில் 2,200 வோல்ட்டாகப் பிறந்த மின்சாரத்தை 30 ஆயிரம் வோல்ட்டுக்குக் குறையாமல் உயர்த்தி அனுப்பினார்கள். 1902 ஜூன் 30-ஆம் தேதி தங்கவயலுக்குக் கரண்ட் வந்தது. பெங்களூர்த் தெருவில் விளக்கெரிந்தது 1905 ஆகஸ்டில்தான். தலைநகரை முந்திக்கொண்டது நம் ஊர் என்று பெருமைப்படலாம். ஆனால் முதலில் வந்த கரண்ட் தொழிலாளியின் குடிசைக்கு வரவில்லை. கல் இடிக்கும் இயந்திரத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை

அந்த ஜூன் 30-ஐ சேஷாத்ரி ஐயர் பார்க்கவில்லை. உடல் நலம் கெட்டு 1901 மார்ச்சில் பதவியை விட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 13-ல் காலமானார். வயது ஐம்பத்தாறு. இன்னும் ஒன்பதரை மாதம் இருந்திருந்தால் போதும்.

அவருடைய மற்ற வேலைகளைச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும். ஹெசரகட்டாவிலிருந்து பெங்களூருக்குக் குடிநீர், வாணிவிலாச சாகர் அணை, 1898-ல் பிளேக் வந்தபோது ஜனநெருக்கடியைக் குறைக்க மல்லேசுவரமும் பசவனகுடியும் — இவை சில. குறையும் சொன்னார்கள். அன்னிய ராஜதானிக்காரர், சென்னைக்காரர்களைக் கொண்டுவந்து நல்ல உத்தியோகங்களை நிரப்புகிறார் என்ற மனத்தாங்கல் மைசூர்க்காரர்களிடம் பலமாக இருந்தது. அவர் தொடங்கிய மைசூர் சிவில் சர்வீஸ் பரீட்சை வெளியாருக்கும் திறந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். மண்ணின் மைந்தருக்கு அது வலிக்காமல் இருந்திருக்காது. அதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவர் உண்டாக்கிய வருமானம் மைசூர் கஜானாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கோடையில் காவேரி இளைத்தால் மின்சாரமும் இளைத்தது. தங்கவயலுக்குத் தடையில்லாமல் கரண்ட் கொடுக்கத் தண்ணீரைத் தேக்க வேண்டும் என்பதுதான் 1911-ல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியதற்கு ஒரு முக்கிய காரணம். 1948-ல் ஜோக் நீர்வீழ்ச்சி மின்நிலையம் வந்தபோது அது வினாடிக்கு 50 அலை. 25 அலை மெஷினையும் 50 அலை மெஷினையும் எந்த விளக்கை வைத்துப் பார்த்தாலும் நேராக இணைக்க முடியாது. நடுவில் மாற்றித் தரும் இயந்திரம் வேண்டும். பிறகு 50-தான் எங்கும் நிலைத்தது. 2013 டிசம்பர் 31-ல் தென்னாட்டு மின்தொடரை வடநாட்டுத் தொடரோடு ஒரே நடையில் சேர்த்தார்கள். ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே அன்று இணைத்தபோதும் பார்த்தது அதே மூன்றுதான்: வேகம், வோல்ட், அலையின் ஏற்ற இறக்கம்.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. யாருக்காக அந்தக் கம்பி இழுக்கப்பட்டதோ அந்த மில்கள் ஓய்ந்துவிட்டன. சிவசமுத்திரம் ஓயவில்லை. சர் சேஷாத்ரி ஐயர் நீர்மின் நிலையம் என்று அவர் பெயரைத் தாங்கி, கழுத்துவரை காவேரி வரும் மாதங்களில் 42 மெகாவாட் வரை கொடுக்கும் திறனோடு, ஏறத்தாழ 400 அடி கீழே விழும் தண்ணீரில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.