பஸ்ஸுக்கு டைம் வெச்ச மனுஷன்: ஜி.டி. நாயுடுவின் ரோட்டுக் கதை

சனிக்கிழமை விடியக்காலையில் துடியலூரில் வண்டியைக் கிளப்பி மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடிக்கிறீங்கன்னு வைங்க. ஊட்டிதான் பிளான். காரமடை, மேட்டுப்பாளையம் எல்லாம் தாண்டி கல்லாறு செக்போஸ்ட் வந்ததும் கையைக் காட்டி நிறுத்துவாங்க. இ-பாஸ் எடுத்தாச்சா? 2024 மே மாசத்திலிருந்து இதுதான் நடைமுறை. சரி, எடுத்தாச்சு. அப்படியே கூடலூர் வழியா மைசூரு போயிடலாம்னு ஆசை வந்தா, பந்திப்பூர் காட்டு ரோட்டை ராத்திரி 9 மணிக்குச் சாத்திடுவாங்க. காலையில் 6 மணிக்குத்தான் திறப்பாங்க. நீங்க எடுத்துட்டுப் போறது வாடகை வண்டின்னா, ஸ்டேட் எல்லையைத் தாண்டறதுக்குப் பர்மிட், வரின்னு அது தனிக் கணக்கு.

அமெரிக்காவில் செட்டில் ஆன உங்க காலேஜ் ஃப்ரெண்டைக் கேட்டீங்கன்னா இன்னும் நீளமா புலம்புவார். டெக்சாஸில் ஒரு ஹைவேயில் மணிக்கு 85 மைல் வரைக்கும் போகலாம், அதாவது நம்ம கணக்கில் 137 கிலோமீட்டருக்குப் பக்கம். நியூ ஜெர்சிக்குள் நுழைஞ்சா உங்க காருக்கு நீங்களே பெட்ரோல் போடக் கூடாது, பங்க்காரர்தான் போடணும். பல ஊர்களில் சிவப்பு விளக்கு எரியும்போதே வண்டியை நிறுத்திப் பார்த்துட்டு வலது பக்கம் திரும்பிக்கலாம். அதே வேலையை நியூயார்க் நகரத்தில் செஞ்சா ஃபைன்.

ரோடு ஒண்ணுதான், எல்லைக்கு எல்லை சட்டம் வேற. வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் உள்ள இந்தத் தலைவலியோடேயே கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்கக் குடும்பம் நடத்தின ஒருத்தர் நம்ம ஊர்க்காரர். அவரை உங்களுக்குத் தெரியும், குறைஞ்சபட்சம் பேராவது தெரியும். ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23-ல் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை கோயம்புத்தூரில் இன்றைக்கும் சொல்லப்படும். கதை எப்படியோ, மூணாம் கிளாஸைத் தாண்டவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்புறம்தான் அந்த பைக் வருகிறது. ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஓட்டிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தில் தயாரான ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிள். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பார்த்த பையனுக்கு, எதுவும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி. நீங்களா இருந்தா ஒரு செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்பீங்க. இவர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். டேபிள் துடைத்து, இலை போட்டு, வருஷக்கணக்கில் காசு சேர்த்தார். சேர்த்த காசோடு போய் அந்த பைக்கையே விலைக்கு வாங்கிவிட்டார். 300 ரூபாய் என்று சொல்கிறார்கள்.

வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. மொத்தமாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் எதுக்கு, எது எதோடு சேருகிறது என்று பார்த்து மறுபடி மாட்டினார். யூடியூப் கிடையாது, மேனுவலைப் படிக்க இங்கிலீஷும் கிடையாது. இப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

நடுவில் ஒரு பருத்தி அத்தியாயம் இருக்கிறது, அதை வேகமாகவே தாண்டலாம். திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்தார், நல்லாவே சம்பாதித்தார், இன்னும் பெரிசா செய்யலாம் என்று பம்பாய் போனார், மொத்தமும் போச்சு. கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவருக்கு வேலை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். ஆமாங்க, உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது ஒருத்தர் படிச்சிருப்பாங்களே, அந்த ஸ்டேன்ஸ் ஸ்கூல், அந்த ஸ்டேன்ஸ் கம்பெனி, அதே பேர்தான். நாயுடுவின் கையில் ஏதோ இருக்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பஸ் 8,000 ரூபாய். பாதியை ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுத்தார், மீதியை நாயுடு புரட்டினார்.

1920. முதல் ரூட் பொள்ளாச்சி டு பழனி. டிரைவர் சீட்டில் அவரே.

இந்த ரூட்டைக் கொஞ்சம் கவனிங்க. போத்தனூரில் இருந்து பொள்ளாச்சி வரைக்கும் ரயில் 1915-லேயே வந்துவிட்டது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் ரயில் ஓட ஆரம்பித்தது 1928-ல்தான். நடுவில் இருந்த அந்தப் பதிமூணு வருஷ இடைவெளியில் முருகனைப் பார்க்கப் போன கூட்டத்துக்கு வேற வழி மாட்டு வண்டியோ நடையோதான். தண்டவாளம் முடிகிற இடத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் மனுஷன். இன்னொன்று, பொள்ளாச்சி அப்போ கோயம்புத்தூர் ஜில்லா, பழனி மதுரை ஜில்லா. முதல் ட்ரிப்பிலேயே எல்லை தாண்டிய வண்டி அது.

அந்தக் காலத்து பஸ் பயணம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்க. நாடு முழுக்க இருந்த ஒரே சட்டம் 1914-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். டிரைவருக்கு லைசென்ஸ் வேணும், வண்டியைப் பதிவு செய்யணும், தாறுமாறாக ஓட்டக் கூடாது என்ற அளவில் அது நின்றுவிட்டது. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பணும், எத்தனை பேரை எங்கே இறக்கணும் என்பதெல்லாம் ஓட்டுகிறவன் மனசைப் பொறுத்தது. ஆள் சேர்ந்தால் வண்டி நகரும். சேராவிட்டால் மரத்தடியில் நிற்கும். ஒரு ஊரில் இரண்டு பஸ் இருந்தால் ஒரே பயணியை இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இதே கூத்துதான். 1914-ல் லாஸ் ஏஞ்சலஸில் சொந்த கார் வைத்திருந்தவர்கள் சில்லறைக் காசுக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஜிட்னி என்று பேர். நம்ம ஷேர் ஆட்டோ மாதிரின்னு வெச்சுக்கோங்க. சில மாசத்திலேயே நாடு முழுக்கப் பரவிவிட்டது. டிராம் கம்பெனிகள் அலறின. ஊருக்கு ஊர் லைசென்ஸ், உத்தரவாதப் பத்திரம் என்று விதிகளைப் போட்டு அதை நசுக்கினார்கள். ஸ்டேட் விட்டு ஸ்டேட் போகும் பஸ்ஸுக்கு மொத்த நாட்டுக்கும் ஒரே சட்டம் அங்கே வந்ததே 1935-ல்தான்.

இங்கே சட்டம் வருவதற்கு முன்னாலேயே நாயுடு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நேரம்னா நேரம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்ன மணிக்கு வண்டி கிளம்பும். அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., அதுக்குத்தான் பேர் வாங்கியது. பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று பெருசுங்க சொல்வாங்களே, அந்த ரகம். 1933 வாக்கில் அவரிடம் 280 பஸ்கள் இருந்தன என்கிறார்கள். ஹோட்டலில் இலை போட்ட பையனுக்கு இது பதிமூணு வருஷத்தில்.

எனக்கு என்னவோ அவர் செஞ்ச மற்ற எல்லாத்தையும்விட இந்த டைம்டேபிள்தான் பெருசாப் படுது. பஸ் வரும் நேரம் தெரிந்தால்தான் ஒரு விவசாயி காய்கறியைப் பறித்து வைக்க முடியும், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப முடியும், பொண்ணைத் தைரியமாகப் படிக்க அனுப்ப முடியும். காலியா ஓடுற ட்ரிப்பில் பெட்ரோல் காசு போகுதேன்னு முதலாளி கணக்குப் பார்த்திருந்தா இது எதுவும் நடக்காது.

மத்த விஷயங்கள் உங்களுக்கு ஏற்கெனவே ஃபார்வர்டு மெசேஜில் வந்திருக்கும். டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் 1937-ல் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செய்தார். இன்றைக்குக் கோவை மோட்டாருக்கும் பம்ப் செட்டுக்கும் இருக்கிற பேருக்கு அங்கேயிருந்துதான் கணக்குப் போடணும். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், ஜூஸ் பிழியும் மெஷின், கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப் பதிவு மெஷின், 70 ரூபாய்க்கு ரேடியோ. காலையில் அஸ்திவாரம் போட்டு சாயங்காலத்துக்குள் ஒரு வீடு கட்டி முடித்தார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை கேமராவில் படம்பிடித்தார். 1936-ல் தேர்தலில் நின்றார், தோற்றார்.

ரோட்டுக்கு வருவோம். 1931-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கென்று தனி மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. 1939-ல் இந்தியா முழுமைக்கும் புது மோட்டார் வாகனச் சட்டம். பஸ் ஓட்ட இனி ரூட் பர்மிட் வேணும். எந்த ரூட், எத்தனை வண்டி, என்ன நேரம், என்ன கட்டணம் என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். இன்றைக்கும் பிரைவேட் பஸ் வைத்திருப்பவரிடம் கேளுங்க, வண்டியைவிடப் பர்மிட்டுக்குத்தான் மதிப்பு என்பார்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லா முதலாளியும் நாயுடு கிடையாது. போட்டி போட்டு ஓட்டி ஆளைக் கொல்லும் பஸ்களைக் கட்டுக்குள் கொண்டுவர யாராவது ஒரு விதி போட்டுத்தான் ஆகணும். நாயுடு தானாகச் செய்ததை, செய்யாதவர்களையும் செய்ய வைக்கத்தான் அந்தச் சட்டம். ஆனால் சொந்தமாக விதி போட்டுப் பழகின மனுஷனுக்கு அடுத்தவர் போடும் விதி செரிக்குமா?

செரிக்கவில்லை. 1944-ல் மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கினார். அடுத்த வருஷம் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் காலேஜும் கோவையில் உருவாக முன்னால் நின்றார். மூணாம் கிளாஸ் தாண்டாதவர்தான் பிரின்சிபால். இன்ஜினீயரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, ரெண்டு வருஷம் தாராளம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு இறங்கிவிட்டார். நாலாவது வருஷம் ப்ராஜெக்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினீயரிங் பசங்க இந்த இடத்தில் கைதட்டலாம்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அதே காலத்தில்தான் தொழிற்சாலைகளுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கும் சட்டம் டெல்லியில் அமலுக்கு வந்தது. யார் கார் தயாரிக்கலாம் என்பதை இனி அரசாங்கம் சொல்லும். நாயுடுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கார் நின்றுபோனது. அதுக்கப்புறம் நம்ம வீடுகள் அம்பாசடர், ஃபியட் என்று ஒண்ணு ரெண்டு பேரையே பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தன. மிடில் கிளாஸ் வாசலுக்கு மாருதி 800 வர 1983 ஆனது. லட்ச ரூபாய்க்கு நானோ என்று டாடா அறிவித்து நாடே வாயைப் பிளந்தது 2008-ல்.

அந்தக் குட்டி கார் நல்லா ஓடியிருக்குமா, மழையில் திம்பம் மலை ஏறியிருக்குமா, ஆயிரக்கணக்கில் செய்தால் 2,000 ரூபாய்க்குக் கட்டுப்படி ஆகியிருக்குமா? ஓடவிட்டிருந்தால் ரோடே பதில் சொல்லியிருக்கும். கோபம் வருவது அதனால்தான்.

அவருக்கும் வந்தது. அரசாங்கத்தின் வரிக் கொள்கையை எதிர்த்து, 1950-களில், தான் செய்த பொருட்களையே பலர் பார்க்க உடைத்துப் போட்டார். ராத்திரி பகலாகக் கண்முழிச்சு செஞ்ச சாமானைத் தன் கையாலேயே உடைக்கிறதை நினைச்சா எனக்கு வயிறு பிசையுது. வீம்பு என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். வீம்பும்தான். பைக்கைப் பிரித்து மாட்டிய அதே கைதான் சம்மட்டியைப் பிடித்தது.

1972-ல் கோவையில் அரசின் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. ரெண்டு வருஷம் கழித்து, 1974 ஜனவரி 4-ல், நாயுடு காலமானார். எண்பது வயசு.

காந்திபுரத்திலிருந்து பீளமேட்டுப் பக்கம் பஸ் ஏறினால் கண்டக்டர் ஹோப்ஸ், ஹோப்ஸ் என்று கத்துவார். அந்த ஸ்டாப்புக்குப் பேர் கொடுத்தது ஆர்தர் ஹோப் காலேஜ்தான். காலேஜ் எப்போதோ தடாகம் ரோட்டுக்குப் போய், இன்றைக்கு ஜி.சி.டி. என்ற பேரில் இருக்கிறது. பேர் மட்டும் பஸ் ஸ்டாப்பிலேயே தங்கிவிட்டது. அந்த ஸ்டாப்புக்குத் தலைக்கு மேலேதான் இப்போ 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் போகிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை, 2025 அக்டோபர் 9-ல் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பேர். மாதவன் நடிப்பில் அவர் வாழ்க்கை சினிமாவாகவும் வருகிறது.

அவர் செஞ்ச சாமான்களை நேரில் பார்க்கணும்னா அதே அவிநாசி ரோட்டில் அவர் பேரில் மியூசியம் இருக்கு, பக்கத்திலேயே பழைய கார்களுக்குத் தனி மியூசியமும் இருக்கு. துடியலூரிலிருந்து போறவங்க ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மேம்பாலத்தில் ஏறிட்டீங்கன்னா மியூசியம் கண்ணில் படாது. கீழ் ரோட்டிலேயே போங்க.