மரியான் ரெயெவ்ஸ்கி

மரியான் ஆடம் ரெயெவ்ஸ்கி (ஆகஸ்ட் 16, 1905 – பெப்ரவரி 13, 1980) போலந்து நாட்டுக் கணிதவியலாளரும் சங்கேதக் குறியீட்டு வல்லுநரும் ஆவார். ஜெர்மானியப் படைகள் பயன்படுத்திய எனிக்மா சங்கேதப் பொறியின் உள்ளமைப்பை, அதன் இராணுவ வகையைக் கண்ணால் காணாமலேயே 1932 ஆம் ஆண்டில் கணித முறையில் கண்டறிந்தவர் இவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் எனிக்மாச் செய்திகளைப் படித்தறிந்ததற்கு இவரது பணியே அடித்தளமாக அமைந்தது. ஆயினும் 1970கள் வரை இவரது பெயரை வெளியுலகம் அறிந்திருக்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

ரெயெவ்ஸ்கி அன்று ஜெர்மானியப் பேரரசிலும் முதலாம் உலகப் போருக்குப் பின் போலந்திலும் அடங்கிய பிட்கோஷ்ச் நகரில் பிறந்தார். தந்தை புகையிலை வணிகர். ஜெர்மன் மொழிப் பள்ளியில் பயின்ற ரெயெவ்ஸ்கி, போஸ்னான் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்று 1929 இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

போலந்தின் உளவுத்துறை

1918 இல் மீண்டும் விடுதலை பெற்ற போலந்து, ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் இடையே அமைந்த நாடு. சோவியத் ரஷ்யாவுடன் நிகழ்ந்த போரில் (1919–1921) எதிரியின் வானொலிச் செய்திகளை இடைமறித்துப் படித்தது போலந்துப் படைக்குப் பெரிதும் உதவியது. அப்பணியில் வாக்லாவ் சியர்பின்ஸ்கி போன்ற கணிதப் பேராசிரியர்களும் ஈடுபட்டனர். சங்கேதங்களை உடைப்பது மொழியறிஞர்களின் வேலை என்றே பிற நாடுகள் பெரும்பாலும் கருதிய காலம் அது.

1928 இல் ஜெர்மானியத் தரைப்படை எனிக்மாவைப் பயன்படுத்தத் தொடங்கியதும் போலந்தின் சங்கேதப் பணியகத்தால் அச்செய்திகளைப் படிக்க இயலவில்லை. எனவே 1929 இல் போஸ்னானில் கணித மாணவர்களுக்கு இரகசியப் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்தப்பட்டது. அப்பகுதி முன்னர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்ததால் மாணவர்கள் ஜெர்மன் மொழியை நன்கு அறிந்திருந்தனர். ரெயெவ்ஸ்கி, யெஜி ரூஜிட்ஸ்கி, ஹென்றிக் சிகல்ஸ்கி ஆகிய மூவரும் அவ்வகுப்பிலிருந்து வந்தவர்களே. ரெயெவ்ஸ்கி இடையில் காப்பீட்டுக் கணிதம் பயில ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று திரும்பினார். 1932 செப்டம்பரில் மூவரும் வார்சாவில் பணியகத்தின் முழுநேர ஊழியராயினர்.

எனிக்மாவின் தீர்வு

எனிக்மா தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி. ஒரு விசையை அழுத்தினால் மின்னோட்டம் இணைப்புப் பலகை வழியாகவும் மூன்று சுழலிகள் வழியாகவும் சென்று, எதிரொளிப்பான் என்னும் உறுப்பில் திரும்பி, வேறோர் எழுத்தின் விளக்கை எரியச் செய்யும். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் சுழலி நகர்வதால் ஒரே எழுத்து அடுத்தடுத்து வெவ்வேறு எழுத்துகளாக மாறும். சுழலிகளுக்குள் கம்பிகள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதே இரகசியத்தின் உயிர்நிலை.

ரெயெவ்ஸ்கிக்கு வழி திறந்தது ஜெர்மானியரின் முன்னெச்சரிக்கையே. செய்தி அனுப்புபவர் மூன்றெழுத்துச் சாவி ஒன்றைத் தேர்ந்து, பிழை நேராதிருக்க அதனை இருமுறை தட்டி, மறைத்த ஆறு எழுத்துகளைச் செய்தியின் தொடக்கத்தில் அனுப்பினார். ஆகவே அவற்றுள் முதலாவதும் நான்காவதும் ஒரே எழுத்தின் இரு வேடங்கள். இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் ஆறாவதும் அவ்வாறே. ஒரு நாளில் போதிய செய்திகள் கிடைத்தால் இத்தொடர்புகள் எழுத்து வட்டங்களாக அமையும். ரெயெவ்ஸ்கி இவ்வட்டங்களை வரிசைமாற்றங்களின் பெருக்கலாகக் கொண்டு, கம்பியிணைப்புகளை அறியாக் கணியங்களாக வைத்துச் சமன்பாடுகளை எழுதினார்.

அறியாதவை மிகுதியாக இருந்தமையால் சமன்பாடுகள் தீரவில்லை. டிசம்பரில் பிரெஞ்சு உளவுத்துறை வழியாக வந்த ஆவணங்கள் அவருக்குத் தரப்பட்டன. ஜெர்மானியச் சங்கேத அலுவலகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் திலோ ஷ்மிட் என்பவர் பணத்துக்காக விற்றவை அவை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் அன்றாட அமைப்புகள் அவற்றில் இருந்தன. சுழலிகளின் வரிசை காலாண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டது. இரு மாதங்களும் இரு வேறு காலாண்டுகளைச் சேர்ந்தவை என்பது நல்வாய்ப்பு.

எஞ்சிய ஒரு தடை, விசைகள் எந்த வரிசையில் முதல் வட்டுடன் இணைந்துள்ளன என்பதாகும். வணிக எனிக்மாவில் அது விசைப்பலகையின் வரிசையிலேயே இருந்தது. இராணுவப் பொறியில் வெறும் அகரவரிசையாக இருக்கலாம் என ரெயெவ்ஸ்கி ஊகித்தார். ஊகம் சரியாயிற்று. 1933 சனவரி முதல் போலந்து எனிக்மாச் செய்திகளைப் படிக்கத் தொடங்கியது.

தொடர்ந்த போட்டி

இணைப்புப் பலகையை எப்படி மாற்றினாலும் எழுத்து வட்டங்களின் நீளம் மாறாது என்பதை ரெயெவ்ஸ்கி கண்டார். இதனைக் கொண்டு, சுழலிகளின் 6 வரிசைகளுக்கும் தலா 17,576 நிலைகளுக்கு, அதாவது 1,05,456 நிலைகளுக்கு ஓர் அட்டவணை ஓராண்டுக்கு மேல் உழைத்துத் தயாரிக்கப்பட்டது. 1938 செப்டம்பரில் ஜெர்மானியர் நடைமுறையை மாற்றவே அட்டவணை பயனற்றுப்போனது. அதற்கு விடையாக ரெயெவ்ஸ்கி 'பொம்பா' என்னும் மின்பொறியையும், சிகல்ஸ்கி துளையிட்ட தாள்களையும் உருவாக்கினர். ஆலன் டூரிங் பின்னர் அமைத்த பொறியின் பெயரும் இதையொத்தது. இரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுவது தவறு, அவற்றின் செயற்தத்துவம் வேறு. அதே ஆண்டு டிசம்பரில் மேலும் இரு சுழலிகள் சேர்க்கப்பட்டன. வரிசைகள் 6 இலிருந்து 60 ஆயின. தேவையான கருவிகளைச் செய்யும் பொருள்வளம் போலந்திடம் இல்லை.

போர் நெருங்கிய நிலையில், 1939 சூலை 25, 26 ஆம் நாட்களில் வார்சாவுக்கு அருகே பிரி என்னுமிடத்தில் போலந்து தன் இரகசியத்தைப் பிரெஞ்சு, பிரித்தானிய அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. பிரித்தானிய வல்லுநர் டில்லி நாக்ஸ் முதலில் அறிய விரும்பியது விசைகளின் வரிசையையே. அவரைத் தடுத்திருந்ததும் அதுதான். போலந்தில் செய்யப்பட்ட எனிக்மாப் பிரதிகள் இரு நாடுகளுக்கும் வழங்கப்பட்டன.

போர்க்காலம்

செப்டம்பரில் போலந்து வீழ்ந்ததும் மூவரும் ருமேனியா வழியாகப் பிரான்சை அடைந்து, பாரிசுக்கு அருகே பணியைத் தொடர்ந்தனர். பிரித்தானியர் செய்து முடித்த துளைத்தாள்களுடன் டூரிங் அங்கு வந்தார். 1940 சனவரியில் போர்க்கால எனிக்மாச் சாவி ஒன்று முதன்முறையாக உடைக்கப்பட்டது. பிரான்சும் வீழ்ந்த பின் தென்பிரான்சில் ஒளிந்து பணியாற்றினர். ரூஜிட்ஸ்கி 1942 சனவரியில் மத்தியதரைக் கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். ரெயெவ்ஸ்கியும் சிகல்ஸ்கியும் 1943 சனவரியில் பிரனீசு மலையைக் கடந்தபோது வழிகாட்டியே அவர்களைத் துப்பாக்கிமுனையில் கொள்ளையடித்தான். ஸ்பெயினில் மூன்று மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்து, ஆகஸ்டில் பிரித்தானியாவை அடைந்தனர்.

அங்கு ரெயெவ்ஸ்கி போலந்துப் படையில் சாதாரண வீரராகச் சேர்க்கப்பட்டார். எனிக்மாவை உடைத்தவருக்குக் கிடைத்த வேலை, ஜெர்மனியின் எஸ்.எஸ். படையினர் கையால் எழுதிய எளிய சங்கேதங்களைத் தீர்ப்பது. பிளெட்ச்லி பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் எனிக்மாப் பணியில் ஈடுபட்டிருந்தும் இவர் அங்கு அனுமதிக்கப்படவில்லை.

பிற்காலம்

1946 நவம்பரில் ரெயெவ்ஸ்கி மனைவி, இரு பிள்ளைகளிடம் திரும்பினார். அடுத்த ஆண்டே அவருடைய 11 வயது மகன் இளம்பிள்ளை வாதத்தால் இறந்தான். பிட்கோஷ்ச் நகரில் மின்கம்பி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவரைக் கம்யூனிச அரசின் காவல்துறை 1949 முதல் 1958 வரை கண்காணித்தது. போருக்கு முன் அவர் என்ன செய்தார் என்பதை அது கண்டறியவில்லை. அவ்வேலையை இழந்தபின் கணக்கு, தணிக்கைப் பணிகளைச் செய்து 1967 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே தம் நினைவுக் குறிப்புகளை எழுதி வார்சாவின் இராணுவ வரலாற்று நிறுவனத்திடம் ஒப்படைத்தார்.

பிரெஞ்சு உளவு அதிகாரி குஸ்தாவ் பெர்த்ரான் 1973 இல் எனிக்மா பற்றிய நூலை வெளியிட்ட பின்னரே ரெயெவ்ஸ்கியின் பங்கு உலகிற்குத் தெரியவந்தது. அதன்பின் அவர் கட்டுரைகள் எழுதியும் நேர்காணல்கள் அளித்தும் வந்தார். 1980 இல் மாரடைப்பால் காலமானார். 2000 இல் போலந்தின் உயரிய விருதுகளுள் ஒன்றும், 2005 இல் பிரித்தானியாவின் போர்ப் பதக்கமும் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டன. 2007 இல் போஸ்னானில் மூவருக்கும் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.